கேமராவோடு கிரவுண்டுக்குள் போவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீடு கொழிஞ்சாம்பாறையில். வேலை கோயமுத்தூரில், ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கணக்கு எழுதுவது. நடுவில் வேலந்தாவளம் செக்போஸ்ட். ஞாயிறோ லீவோ வந்தால் பாலக்காடு, பொள்ளாச்சி, கோவை என்று ஏதாவது ஒரு மைதானத்தின் ஓரத்தில் கேமராவோடு உட்கார்ந்திருப்பேன். பதினோரு வருஷமாக இதே கதைதான். போட்டோ எடுப்பது எனக்குப் பிழைப்பு இல்லை, பிடித்திருப்பதால் எடுக்கிறேன்.

என்னை மைதானத்துக் கோட்டுக்கு உள்ளே பார்த்துவிட்டு, வெளியே நிற்கும் பையன்களும் பெண்களும் வந்து கேட்கும் கேள்விகள் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஒவ்வொருவருக்கும் டீக்கடையில் வைத்துச் சொல்லிச் சொல்லி டீ செலவும் ஏறிவிட்டது. அதனால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகள் அவர்கள் கேட்டபடியே இருக்கின்றன.

"பாஸ் பாஸ்னு சொல்றீங்களே அண்ணா, அது என்னங்க? டிக்கெட் எடுத்தா பத்தாதா?"

டிக்கெட் ஆட்டத்தைப் பார்ப்பதற்கு. பாஸ் அங்கே வேலை செய்வதற்கு. ஐபிஎல் மாதிரிப் பெரிய போட்டிகளில் டிக்கெட்டின் நிபந்தனைகளிலேயே லென்ஸ் மாற்றும் கேமரா கொண்டுவரக் கூடாது என்று எழுதியிருக்கும். கேட்டில் பையைத் திறந்து பார்த்துத் திருப்பி அனுப்புவார்கள். போனில் எடுத்தால் யாரும் ஒன்றும் சொல்வதில்லை.

இன்னொரு விஷயம். பெரிய மைதானங்களில் பாஸ் என்பது ஒரே பொருள் இல்லை. கழுத்தில் தொங்கும் கார்டு உங்களைப் பத்திரிகையாளர் பகுதி வரைக்கும் கொண்டுபோகும். கோட்டின் ஓரத்தில் உட்கார அது போதாது. அதற்குக் கை இல்லாத, எண் போட்ட ஒரு மேலாடை தனியாகத் தருவார்கள். பிப் என்பது அதைத்தான். கார்டு கிடைத்தும் பிப் கிடைக்காமல், எழுதுகிறவர்களோடு மாடியில் உட்கார்ந்து ஆட்டம் பார்த்த போட்டோக்காரர்கள் உண்டு. விண்ணப்பத்தில் 'போட்டோகிராபர்' என்ற கட்டத்தை டிக் பண்ண மறந்துவிட்டால் அதுதான் நடக்கும்.

"எங்கிட்ட 70-200 லென்ஸ் இருக்குதுங்க. அதப் பாத்தா விட மாட்டாங்களா?"

மாட்டார்கள். இதை முதலிலேயே மனதில் போட்டுக்கொண்டால் பாதி அலைச்சல் மிச்சம். கேட்டில் இருப்பவருக்கு உங்கள் லென்ஸ் எத்தனை லட்சம் என்பது முக்கியமில்லை. நீங்கள் நன்றாகப் படம் எடுப்பீர்களா என்றுகூடக் கேட்க மாட்டார். அவர் கேட்பது ஒன்றே ஒன்று: இந்தப் படம் எங்கே வரும்?

அதற்குப் பதில் இருந்தால் பழைய கேமராவோடும் உள்ளே போகலாம். பதில் இல்லையென்றால் உலகத்திலேயே பெரிய ஆளாக இருந்தாலும் வெளியேதான். 2012-இல் இங்கிலாந்து அணி இந்தியாவுக்கு வந்தபோது கெட்டி இமேஜஸ் போன்ற படம் விற்கும் ஏஜென்சிகளுக்குக் கிரிக்கெட் வாரியம் அனுமதி தரவில்லை. அவர்களிடம் இல்லாத லென்ஸா? அதைக் கண்டித்து ராய்ட்டர்ஸ், ஏபி, ஏஎஃப்பி போன்ற செய்தி நிறுவனங்கள் அந்தத் தொடர் பற்றிய செய்தியையும் படத்தையும் நிறுத்தி வைத்தன. அவர்களுக்கே அந்த நிலை என்றால், நாம் பையைத் திறந்து லென்ஸைக் காட்டுவதில் பிரயோஜனம் இல்லை.

"எனக்குன்னு பத்திரிகையே கெடையாதே. அப்ப எங்க இருந்து தொடங்கறதுங்க?"

பாஸே இல்லாத இடத்திலிருந்து. நம் ஊர்ப்பக்கம் அதற்குக் குறைவே இல்லை. கேரளத்துப் பள்ளி விளையாட்டுப் போட்டிகள் உபஜில்லா, ரெவன்யூ ஜில்லா, மாநிலம் என்று படிப்படியாக மேலே போகும். உபஜில்லா போட்டியில் பி.டி. மாஸ்டரிடம் நேரே போய் "சார், படம் எடுத்துக்கட்டுமா, ஸ்கூலுக்கும் தர்றேன்" என்று கேட்டால் பெரும்பாலும் சரி என்பார். பாலக்காட்டுப் பக்கத்துப் பறளி, முண்டூர் பள்ளிகள் ஓடும் போட்டி என்றால் விடாதீர்கள். 2017-லும் 2019-லும் ஆசியத் தடகளத்தில் 1500 மீட்டர் தங்கம் வாங்கிய பி.யு. சித்ரா முண்டூர்க்காரர். 2022 காமன்வெல்த் போட்டியில் நீளம் தாண்டுதலில் 8.08 மீட்டர் தாண்டி வெள்ளி வாங்கிய ஸ்ரீசங்கரும் பாலக்காட்டுக்காரர்தான். இன்றைக்கு யாக்கரை மெடிக்கல் காலேஜ் மைதானத்து டிராக்கில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஓடும் பிள்ளை நாளைக்கு யாரோ!

தமிழ்நாட்டுப் பக்கம் வந்தால் பொள்ளாச்சி, கிணத்துக்கடவு சுற்றி ராத்திரி கபடி, வாலிபால், ரேக்ளா. இங்கெல்லாம் பாஸ் என்பது ஒரு மனிதர் தலையை ஆட்டுவது. ஆனாலும் கேளுங்கள். கேட்காமல் உள்ளே போய் உட்கார்ந்து, பிறகு ஒருவர் வந்து எழுப்பிவிட்டால் அந்த அவமானம் மூன்று நாள் போகாது.

ஒரு சீசன் முழுக்க இப்படி எடுத்து, அதில் தேறும் 15 படங்களைத் தனியாக எடுத்து வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் தேதி, இடம், போட்டி, ஆடுபவரின் பெயர் எழுதியிருக்க வேண்டும். பெயர் தெரியாவிட்டால் ஜெர்சி நம்பரைக் குறித்துக்கொண்டு போய் விசாரியுங்கள். பின்னால் பத்திரிகைக்காரர் உங்கள் படத்தைவிட இந்த எழுத்தைத்தான் முதலில் பார்ப்பார்.

"செவன்ஸ் மேட்சுக்கு யாரக் கேக்கணும்? கேட்ல கேட்டா உள்ள போ, உள்ள கேட்டா கேட்டுக்குப் போங்கறான்."

கேட்டில் கேட்கவே கூடாது. கேட்டில் இருப்பவனுக்குத் தெரிந்த ஒரே விஷயம் டிக்கெட்டைக் கிழிப்பது. செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர் ஆடும் கால்பந்து) என்றால் போட்டியை நடத்தும் கமிட்டிதான் எல்லாம். நோட்டீஸில் கன்வீனர் பெயரும் நம்பரும் போட்டிருக்கும். போட்டி தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்னால், அறுவடை முடிந்த வயலில் கேலரி கட்டிக்கொண்டிருக்கும்போதே போய் நில்லுங்கள். அப்போது அவர்களுக்குப் பேச நேரம் இருக்கும். முதல் நாள் ராத்திரி, மைக் அலறும்போது போய்ப் பேசினால் கன்வீனருக்கு உங்கள் வாய் அசைவது மட்டும்தான் தெரியும்.

போகும்போது பத்துப் படம் பிரிண்ட் போட்டு எடுத்துப் போங்கள். போனில் காட்டுவதைவிடக் கையில் கொடுப்பதற்கு மதிப்பு அதிகம். "ஆட்டம் முடிஞ்ச மறுநாள் காலைல 20 படம் உங்க வாட்ஸ்அப்புக்கு வரும்" என்று சொல்லுங்கள். சொன்னால் அனுப்ப வேண்டும். ஒரு கமிட்டி உங்களை நம்பிவிட்டால் அடுத்த ஊர்க் கமிட்டிக்கு அவர்களே போன் போட்டுச் சொல்வார்கள். மலப்புறம் வரைக்கும் எனக்கு வழி திறந்தது இப்படித்தான், ஒரு பத்திரிகை லெட்டரும் இல்லாமல்.

உள்ளே விட்டதும் கோல் போஸ்டுக்குப் பின்னால் ஒரு பக்கமாகத் தரையில் உட்காருங்கள். நின்றால் பின்னால் கேலரியில் இருப்பவர் மறைக்கிறதென்று கத்துவார், அதுவும் மலையாளத்தில், அழகாக. செவன்ஸ் மைதானம் சின்னது, பந்து நேராக உங்கள் மேல் வரும். ஒரு கண் எப்போதும் வ்யூஃபைண்டருக்கு வெளியே இருக்கட்டும்.

"பத்திரிகைல லெட்டர் வாங்கணும்னா யாரப் பாக்கணும்? தெரியாதவனுக்கு ஏன் தருவாங்க?"

தெரியாதவனுக்குத் தர மாட்டார்கள். அதனால் முதலில் தெரிந்தவன் ஆக வேண்டும். பெரிய தினசரிக்கு அவர்கள் ஆள் இருக்கிறார், உங்களைத் தேட வேண்டியதில்லை. அவர் போகாத போட்டிகள் நிறைய. ஜில்லா கபடி, பள்ளித் தடகளம், பெண்கள் வாலிபால் இதெல்லாம் இரண்டு வரிச் செய்தியாக, படமில்லாமல் வந்துகொண்டிருக்கும். அந்த இடம்தான் உங்களுடையது. போட்டி முடிந்த அன்று சாயங்காலமே இரண்டு படம், அதோடு முடிவுகளும் நான்கு வரிக் குறிப்பும் உள்ளூர் நிருபருக்கு அனுப்புங்கள். ராத்திரி ஒன்பது மணிக்கு அனுப்பினால் பக்கம் முடிந்திருக்கும்.

ஆறேழு தடவை இப்படி வந்த பிறகு "அடுத்த மாதம் இந்தப் போட்டிக்கு ஒரு லெட்டர் வேண்டும்" என்று கேளுங்கள். வார இதழ், மாத இதழ், கல்லூரி மலர், செய்தி இணையதளம் எதுவானாலும் சரி, பொறுப்பாசிரியர் என்று ஒருவர் இருந்து, போன் செய்தால் எடுத்து "ஆமா, எங்க ஆள்தான்" என்று சொன்னால் போதும். கமிட்டியும் விளையாட்டுச் சங்கமும் உண்மையிலேயே போன் போட்டுப் பார்ப்பார்கள்.

"லெட்டர்ல என்ன எழுதியிருக்கணும்ங்க?"

பத்திரிகையின் லெட்டர்ஹெட், தேதி, போட்டியின் பெயரும் நாளும் இடமும், உங்கள் முழுப்பெயர் ஆதாரில் உள்ளபடி, "எங்கள் சார்பில் புகைப்படம் எடுக்க இவரை அனுப்புகிறோம், படங்கள் எங்கள் இதழில் வெளியாகும்" என்ற ஒரு வரி, ஆசிரியரின் கையெழுத்து, முத்திரை, போன் நம்பர். அவ்வளவுதான். அரைப் பக்கம் தாண்டினால் யாரும் படிக்க மாட்டார்கள்.

'யாருக்கெல்லாம் சம்பந்தமோ அவர்களுக்கு' என்று பொதுவாக எழுதிய லெட்டரை லேமினேட் பண்ணி வருஷம் முழுக்கத் தூக்கிக்கொண்டு அலைகிறவர்கள் உண்டு. அது செல்லாது. ஒரு போட்டிக்கு ஒரு லெட்டர்.

"நம்மகிட்ட இருக்கறது தமிழ்ப் பத்திரிகை லெட்டர். கேரளா மேட்சுக்குச் செல்லுமா?"

செல்லும். ஆனால் ஒரு கேள்வி கூடுதலாக வரும்: "தமிழ்நாட்டுப் பத்திரிகைக்கு இங்கே என்ன வேலை?" இதற்குப் பதிலை லெட்டரிலேயே வைத்துவிடுங்கள். பாலக்காட்டுச் சித்தூர் தாலூக்கா முழுக்கத் தமிழ் வாசகர்கள் இருக்கிறார்கள், அந்த அணியில் கோவைப் பையன் ஆடுகிறான், இந்தப் பள்ளியில் தமிழ் மீடியம் பிள்ளைகள் ஓடுகிறார்கள் என்று ஏதாவது ஒரு உண்மையான காரணம் கட்டாயம் இருக்கும். எல்லை தாண்டும்போது லெட்டர் ஆங்கிலத்தில் இருப்பது நல்லது. தமிழ் லெட்டரை நீட்டினால் எதிரில் இருப்பவர் மரியாதையாகத் தலையாட்டுவார், ஆனால் படித்திருக்க மாட்டார்.

இன்னொன்றும் சொல்கிறேன். என் அனுபவத்தில் எல்லைக்காரனாக இருப்பது நஷ்டமில்லை, லாபம்தான். பாலக்காட்டில் மலையாளம் பேசி வேலையை முடித்துவிட்டு அடுத்த நாள் கோவையில் தமிழில் கேட்கலாம். இரண்டு மாநிலத்துப் போட்டி நாட்காட்டியும் நம் கையில். ஒரு பக்கம் மழை என்றால் இன்னொரு பக்கம் ஆட்டம்.

"எனக்கு இன்ஸ்டால நல்ல ஃபாலோயர்ஸ் இருக்காங்க. அது மீடியா ஆகாதா?"

ஆளைப் பொறுத்தது. செவன்ஸ் கமிட்டிக்கு உங்கள் பக்கம் பத்திரிகையைவிடப் பெரிதாகத் தெரியலாம், கூட்டம் வருமே. மாநிலச் சங்கம் கொஞ்சம் யோசிக்கும். பெரிய லீக் போட்டிகளில் தனியாள் பக்கத்துக்குப் பெரும்பாலும் இல்லை என்பதுதான் பதில்.

கிளப்பின் சொந்தப் பக்கத்துக்குப் படம் எடுப்பது வேறு வழி. அது மீடியா பாஸ் இல்லை, அணியின் பாஸ். உங்கள் ஊர் கிளப் ஜில்லா லீக்கில் ஆடினால் அவர்களுக்கு ஒரு போட்டோக்காரர் தேவைப்படும். பல பேர் இந்த வழியில்தான் முதன்முதலாகக் கோட்டைத் தாண்டியிருக்கிறார்கள். ஆனால் இரண்டையும் குழப்பக் கூடாது. அணி பாஸில் உள்ளே போய் எடுத்த படத்தைப் பத்திரிகைக்குத் தருவதென்றால் கிளப்பிடம் சொல்லிவிட்டுத் தர வேண்டும்.

"ஆயிரம் ரெண்டாயிரம் குடுத்தா பிரஸ் கார்டு தர்றாங்களாமே, ஆர்என்ஐ நம்பரோட?"

வாங்காதீர்கள். ஆர்என்ஐ என்பது பத்திரிகைகளைப் பதிவு செய்யும் மத்திய அரசு அலுவலகம். 2023-ஆம் வருஷச் சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகு அதன் பெயரே மாறிவிட்டது. அது ஆளுக்குப் பிரஸ் கார்டு தருவதில்லை. கார்டில் அந்த நம்பரைப் போட்டிருந்தால் எங்கோ ஒரு பத்திரிகை பதிவாகியிருக்கிறது என்று மட்டும்தான் அர்த்தம். அந்தப் பத்திரிகை கடைசியாக எப்போது அச்சானது என்று கேட்டுப் பாருங்கள்.

மாநில அரசின் செய்தித்துறை தருகிற அங்கீகார அட்டை உண்மையானது. அது பத்திரிகையில் வேலை செய்பவர்களுக்கு, அவர்கள் நிறுவனம் வழியாக வருவது. அதைக் காட்டினாலும் கிரவுண்டுக்குள் தானாக விட மாட்டார்கள், அந்தப் போட்டிக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். 1924-இல் பாரிஸில் தொடங்கிய ஏஐபிஎஸ் என்ற சர்வதேச விளையாட்டுப் பத்திரிகையாளர் சங்கத்தின் அட்டையும் தொழில்முறை ஆட்களுக்குத்தான். வண்டியில் 'பிரஸ்' ஸ்டிக்கர் ஒட்டுவதைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம், செக்போஸ்ட்டில் நிற்கும் போலீஸ்காரர் சொல்வார்.

"இந்தியா மேட்ச், ஐஎஸ்எல் ஃபுட்பால் இதுக்கெல்லாம் நம்மள மாதிரி ஆளுக்குச் சான்ஸே இல்லையா?"

உண்மையைச் சொன்னால், முதல் இரண்டு மூன்று வருஷத்தில் இல்லை. திருவனந்தபுரம் காரியவட்டம் கிரீன்ஃபீல்டு ஸ்டேடியத்தில் இந்திய கிரிக்கெட் அணி ஆடினால் பிப்களின் எண்ணிக்கை கொஞ்சம்தான், தினசரிகளுக்கும் செய்தி நிறுவனங்களுக்குமே அது தீர்ந்துவிடும். விண்ணப்பமும் நிறுவனத்தின் பெயரில்தான் போக வேண்டும், தனியாள் பெயரில் இல்லை. கடைசித் தேதி போட்டிக்குப் பல நாள் முன்பே முடிந்துவிடும்.

அதற்கு ஒரு படி கீழே பாருங்கள். கோவையில் எஸ்என்ஆர் கல்லூரி மைதானத்தில் டிஎன்பிஎல் (தமிழ்நாடு பிரீமியர் லீக்) கிரிக்கெட் நடக்கிறது. கேரளத்தில் 2024-இல் சூப்பர் லீக் கேரளா கால்பந்தும் கேரளா கிரிக்கெட் லீக்கும் தொடங்கியிருக்கின்றன. மாநில அணிகள் மோதும் சந்தோஷ் டிராபி கால்பந்து, மாநில அளவிலான பள்ளிப் போட்டி இவையெல்லாம் உண்டு. மேலே சொன்ன மாதிரி உண்மையான லெட்டரோடு, நேரத்தில் விண்ணப்பித்தால் இவற்றில் கதவு திறக்க வாய்ப்பு இருக்கிறது.

என் கதையையும் சொல்கிறேன். 2019 மார்ச்சில் சென்னை சிட்டி அணி ஐ-லீக் கால்பந்துக் கோப்பையை வென்ற கடைசி ஆட்டம் நம் கோவை நேரு ஸ்டேடியத்தில்தான் நடந்தது. நான் கேலரியில். கேமரா வீட்டில். முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும் என்பதே அப்போது எனக்குத் தெரியாது. அந்த ராத்திரி எடுத்த ஒரே படம் போனில், முன்னால் நின்றவரின் தலையோடு.

"செட்டிபாளையம் ரேஸ்ல எடுக்கணும்னு ஆசை. அங்கயும் இதேதானா?"

கோவைக்குப் பக்கத்தில் செட்டிபாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் விண்ணப்பம், லெட்டர் இதெல்லாம் அதே மாதிரிதான். கூடுதலாக ஒன்று உண்டு: கார், பைக் பந்தயங்களில் 'எனக்கு ஏதாவது ஆனால் நானே பொறுப்பு' என்கிற தாளில் கையெழுத்து கேட்பார்கள். அதைச் சும்மா சடங்காக நினைக்க வேண்டாம். 2.1 கிலோமீட்டர் டிராக், வளைவில் வண்டி வழுக்கினால் எங்கே வந்து நிற்கும் என்று அதை ஓட்டுகிறவருக்கே தெரியாது. டிராக் ஓரத்தில் பாதுகாப்பைப் பார்க்கும் மார்ஷல் எங்கே நில் என்கிறாரோ அங்கே நில்லுங்கள். டயர் சுவருக்கு முன்னால் போகாதீர்கள், டிராக்குக்கு முதுகைக் காட்டிக்கொண்டு படத்தைச் சரிபார்க்காதீர்கள்.

முதல் தடவை பாஸ் இல்லாமல் பார்வையாளர் பக்கம் நின்று எடுத்துப் பாருங்கள். வண்டியோடு சேர்த்துக் கேமராவையும் திருப்பி எடுக்கிற 'பேனிங்' பழக அந்த இடமே போதும். அந்தப் படங்கள்தான் அடுத்த விண்ணப்பத்தோடு போகும்.

"உள்ள விட்டுட்டாங்க. என்ன பண்ணக்கூடாது?"

ஃப்ளாஷ் கூடாது. எந்த விளையாட்டிலும். நான் இதில் அடிபட்டவன். ஃப்ளாஷை அணைத்துவிட்டுத்தான் போனேன், ஆனால் கேமராவில் ஃபோகஸுக்கு உதவ ஒரு சின்ன ஆரஞ்சு விளக்கு எரியுமே, அதை மறந்துவிட்டேன். மங்கலான சாயங்காலம், உயரம் தாண்ட ஓடி வந்த பெண்ணின் கண்ணில் அது அடித்து, அவள் நின்றுவிட்டாள். நடுவர் ஒரு வார்த்தை பேசவில்லை. வந்து கையை நீட்டினார், கார்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். தப்பு முழுக்க என்னுடையது. அன்றைக்கு ராத்திரியே மெனுவைத் தோண்டி அந்த விளக்கை அணைத்தேன், இன்று வரை எரியவிடவில்லை.

ஓட்டப் பந்தயத்தில் 'செட்' சொன்ன பிறகு துப்பாக்கி வெடிக்கும் வரை அசையாதீர்கள், ஷட்டரும் அடிக்காதீர்கள். சர்வதேச விதியில் 2010-இலிருந்து ஒரே ஒரு தவறான தொடக்கத்துக்கே வீரர் வெளியே. உங்கள் சத்தத்தால் ஒரு பிள்ளையின் வருஷம் வீணாகக் கூடாது. ஈட்டி, குண்டு, வட்டு, சுத்தியல் விழுகிற பகுதிக்குப் பக்கத்தில் எந்தப் படத்துக்காகவும் போகாதீர்கள். கிரிக்கெட்டில் சைட் ஸ்கிரீன் (பேட்ஸ்மேனுக்குப் பந்து தெளிவாகத் தெரிய வைக்கும் திரை) பக்கம் நடமாடாதீர்கள். கால்பந்தில் துணை நடுவர் ஓடும் கோடு அவருடையது.

இன்னொன்று: கோல் விழுந்தால் துள்ளிக் குதிக்காதீர்கள். பிப் போட்டுக்கொண்டு கைதட்டுகிறவனை யாரும் பத்திரிகைக்காரனாகப் பார்ப்பதில்லை. பறளி ஜெயிக்கும்போது இது கஷ்டம்தான், தெரியும்.

"சீனியர் போட்டோகிராபருங்க முறைக்கறாங்கண்ணா."

முறைப்பார்கள். அவர்களுக்கு அது சம்பளம், நமக்கு ஞாயிற்றுக்கிழமை. முதலில் போய் வணக்கம் சொல்லுங்கள், அவர்கள் உட்கார்ந்த பிறகு மிச்சமிருக்கும் இடத்தில் உட்காருங்கள், முன்னால் போய் மறைக்காதீர்கள். அவர் பார்க்காத பக்கம் விழுந்த கோல் உங்களிடம் இருந்தால் காட்டுங்கள். எனக்கு முதல் லெட்டர் வாங்கிக் கொடுத்தவர், அதற்கு முந்தின வருஷம் என்னை மூலைக்குத் துரத்தியவர்தான்.

"ராத்திரி மேட்ச்ல படத்துக்குக் குறுக்க கறுப்புப் பட்டை பட்டையா வருது. எதனால?"

விளக்கு துடிப்பதால். நம் மின்சாரத்தில் சில எல்இடி விளக்குகள் நொடிக்கு 100 தடவை மின்னி மின்னி எரியும். ஷட்டர் வேகத்தை ஏற்றினால் அந்தத் துடிப்பு பட்டையாகப் பதிவாகும். கேமராவில் துடிப்பைத் தவிர்க்கும் வசதி இருந்தால் போடுங்கள், இல்லையென்றால் 1/500 பக்கம் இறங்கிப் பாருங்கள். ஐஎஸ்ஓவை (வெளிச்சத்தை வாங்கும் அளவு) 6400-க்கு ஏற்றப் பயப்பட வேண்டாம், அதனால் படத்தில் வரும் புள்ளி பத்திரிகைத் தாளில் தெரியாது.

"நான் பொண்ணு. நைட் செவன்ஸுக்குத் தனியாப் போகலாமா அண்ணா? வீட்ல விட மாட்டேங்கறாங்க."

இதற்கு என் அனுபவத்திலிருந்து பதில் சொன்னால் பொய்யாகிவிடும். எங்களோடு எடுக்கும் ஒரு பெண் செய்வதைச் சொல்கிறேன். அவர் கன்வீனரிடம் முன்கூட்டிப் பேசும்போதே (செவன்ஸ் கேள்வியில் சொன்ன மாதிரி) மேடைக்குப் பக்கத்தில் உட்கார இடம் கேட்டு வாங்கிவிடுவார். முதல் நாள் கல்லூரித் தோழியோடு போவார். திரும்பி வர வண்டி எது என்று போவதற்கு முன்பே முடிவு செய்திருப்பார். கடைசி நிமிஷக் கோலைவிடக் கடைசி பஸ் முக்கியம் என்பார். பெண்கள் தடகளம், பெண்கள் கபடி நடக்கும் இடங்களில் வீராங்கனைகளும் அவர்களின் கோச்சும் அவரிடம் பேசுகிற அளவுக்கு எங்களிடம் பேசுவதில்லை. அங்கே எங்களைவிட நல்ல படம் அவருக்குத்தான் கிடைக்கிறது.

"எடுத்த படம் யாருக்குச் சொந்தம்? எனக்கா, கமிட்டிக்கா, பத்திரிகைக்கா?"

1957-ஆம் வருஷக் காப்புரிமைச் சட்டப்படி எடுத்தவர்தான் முதல் உரிமையாளர். நீங்களாகப் போய், யாரிடமும் காசு வாங்காமல் எடுத்த படம் உங்களுடையது. பாஸ் தந்ததாலேயே அது கமிட்டிக்குப் போய்விடாது. ஆனால் 17-ஆம் பிரிவில் ஒரு கொக்கி இருக்கிறது: ஒருவர் பணம் கொடுத்து, அவர் கேட்டு எடுத்த புகைப்படம் என்றால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது அது அவருடையது. கிளப் 500 ரூபாய் கொடுத்து எடுக்கச் சொன்னாலும் இதுதான். பத்திரிகையில் சம்பளத்துக்கு வேலை செய்பவருக்கும் தனி விதி உண்டு, இதழில் வெளியிடும் உரிமை முதலாளிக்குப் போகும்.

உரிமையை எழுதிக் கொடுப்பதானால் எழுத்தில்தான் கொடுக்க முடியும், வாய்ப்பேச்சில் போகாது. எத்தனை வருஷம் என்று எழுதாவிட்டால் ஐந்து வருஷம், எந்த நாடு என்று எழுதாவிட்டால் இந்தியா என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். அதனால் பெரிய போட்டிகளில் பாஸ் வாங்கும்போது நீட்டும் தாளைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். சிலவற்றில் 'படங்களைச் செய்திக்கு மட்டும் பயன்படுத்துவேன்' என்று இருக்கும். சிலவற்றில் அதற்கு மேலும் இருக்கும்.

"அப்ப படத்த விக்கலாமா? பசங்களோட அப்பா அம்மா காசு குடுத்துக் கேக்கறாங்க."

மேலே சொன்ன தாளைப் பாருங்கள். 'செய்திக்கு மட்டும்' என்று கையெழுத்துப் போட்டிருந்தால் விற்கக் கூடாது, விளம்பரத்துக்கு நிச்சயம் கூடாது. வீரரின் படத்தை அவர் சம்மதம் இல்லாமல் ஜிம் விளம்பரத்தில் போட்டால் அது வேறு வழக்கு. தாளே இல்லாத பள்ளிப் போட்டியில் பெற்றோருக்குப் பிரிண்ட் போட்டுத் தரலாம். நான் பிரிண்ட் செலவை மட்டும் வாங்குவேன்.

பிள்ளைகள் விஷயத்தில் நான் கறார். 18 வயதுக்குக் கீழே என்றால் பள்ளியின் சம்மதம் இல்லாமல் என் பக்கத்தில் போடுவதில்லை. ஓட்டத்தில், தாண்டுவதில் உடை விலகிய படம் எவ்வளவு நல்ல படமாக இருந்தாலும் அங்கேயே அழித்துவிடுவேன். விழுந்து அழுகிற பிள்ளையின் முகமும் அப்படித்தான். ஒரு மாஸ்டர் உங்களை மறுபடி கூப்பிடுவாரா மாட்டாரா என்பது இதில்தான் இருக்கிறது.

"டிரோன் பறக்க விடலாமா?"

கூட்டத்தின் தலைக்கு மேலே வேண்டாம். 2021 டிரோன் விதிகளின்படி நாட்டின் வான்வெளி பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரிக்கப்பட்டிருக்கிறது. மஞ்சளிலும் சிவப்பிலும் அனுமதி இல்லாமல் பறக்க முடியாது. கோவை விமான நிலையம் பக்கத்தில் இருப்பதை மறந்துவிடுகிறார்கள். பாஸில் டிரோன் என்று எழுதியிருந்தால் ஒழிய அது கேமரா பாஸ் மட்டும்தான்.

"ஒரு கமிட்டில பாஸுக்குக் காசு கேட்டாங்க. குடுக்கலாமா?"

மீடியா பாஸுக்குக் காசு கிடையாது. கேட்டால் அது பாஸ் இல்லை, விலை கூடின டிக்கெட். படம் கேட்டால் அது நியாயம், எத்தனை படம், எதற்கு என்று முதலிலேயே பேசிவிடுங்கள். "எல்லாப் படத்தையும் மெமரி கார்டோட குடுத்துட்டுப் போ" என்று கேட்டவர்களும் உண்டு. சிரித்துவிட்டு வந்துவிட்டேன்.

"என் ஃப்ரெண்டு பேர்ல பாஸ் வந்துச்சு, அவனுக்குக் காய்ச்சல். நான் போட்டுட்டுப் போகட்டுமா?"

கூடாது. போட்டோவும் பெயரும் ஒருவருடையது, கழுத்து இன்னொருவருடையது என்றால் மாட்டும்போது போவது உங்கள் மானம் மட்டுமில்லை, லெட்டர் கொடுத்த பத்திரிகையின் பெயரும்தான். அடுத்த வருஷம் அவர்களின் விண்ணப்பமே ஒதுக்கப்படும். காலையிலேயே ஆசிரியரைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள், அவர் சங்கத்துக்கு எழுதினால் சில சமயம் பெயரை மாற்றிக் கொடுப்பார்கள்.

"அப்ளை பண்ணினேன், 'ரிக்ரெட்'னு ஒரு வரி மெயில் வந்துச்சு. சண்டை போடலாமா?"

போட்டு என்ன ஆகப்போகிறது? நன்றி சொல்லி, "இடம் இல்லாததாலா, என் விண்ணப்பத்தில் ஏதாவது குறையா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பதில் எழுதுங்கள். பாதிப் பேர் பதில் தருவார்கள். எனக்கு ஒரு தடவை வந்த பதில்: "உங்கள் போட்டோவில் கூலிங் கிளாஸ்." இதற்காகவா என்று இரண்டு நாள் பொருமிக்கொண்டிருந்தேன், பிறகு போய் வேறு போட்டோ எடுத்தேன்.

"செவன்ஸ்ல அடிதடி ஆயிடுச்சு. நான் எடுத்தேன். கமிட்டிக்காரங்க அழிக்கச் சொல்றாங்க. என்ன பண்ணட்டும்?"

கிரவுண்டை விட்டு வெளியே போகச் சொல்லும் உரிமை அவர்களுக்கு உண்டு, பாஸைத் திரும்ப வாங்கவும் உண்டு. உங்கள் கேமராவைப் பிடுங்கவோ படத்தை அழிக்க வைக்கவோ அவர்களுக்கு உரிமை இல்லை. ஆனால் ராத்திரி பதினொரு மணிக்கு, இரண்டாயிரம் பேருக்கு நடுவில் நின்றுகொண்டு சட்டம் பேச வேண்டாம். கேமராவைப் பையில் போட்டு, "கன்வீனர்கிட்ட பேசிக்கறேன்" என்று சொல்லிவிட்டு வெளிச்சமுள்ள பக்கமாக நடந்து வெளியே வாருங்கள். இரண்டு மெமரி கார்டில் ஒரே நேரத்தில் பதியும் கேமரா என்றால் ஒன்று ஏற்கெனவே பத்திரம்.

வெளியிடுவதா என்பதை லெட்டர் கொடுத்த ஆசிரியர் முடிவு செய்யட்டும். அன்றிரவே சூடாக உங்கள் பக்கத்தில் போட்டால் அடுத்த வாரம் எந்த ஊர்க் கமிட்டியும் உங்கள் போனை எடுக்காது. போலீஸ் எழுத்தில் கேட்டால் கொடுங்கள், ஒரு காப்பியை வைத்துக்கொண்டு.

"மேட்ச் முடிஞ்சதும் அந்த பிப்ப வீட்டுக்குக் கொண்டு போலாமாண்ணா? ஞாபகத்துக்கு."

கார்டு உங்களுக்கு, பிப் அவர்களுக்கு. பல இடங்களில் பிப் கொடுக்கும்போதே உங்கள் அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொள்வார்கள், திருப்பிக் கொடுத்தால்தான் அது வரும். ஒரு தடவை பொள்ளாச்சி கடைசி பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் பிப்போடு ஏறி உட்கார்ந்துவிட்டேன். கண்டக்டர் முதுகில் இருந்த 14-ஐப் பார்த்துவிட்டு, "எந்த டீமுங்க?" என்று கேட்டார். வழியில் நாட்டுக்கல்லில் இறங்கி, ஆட்டோ பிடித்துத் திரும்பிப் போனேன்.